வாராத சரக்கும் திரும்பும் பணமும்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். ஹார்பர் வழி ரயில் ஓயாது வந்து நிற்கும் இந்த நெரிசல் மிக்க பகுதியில் இன்று காளவாயைத் தேடுவார் இல்லை. ஆனால், மும்பை வீதிகளில் வழங்கும் இந்தியில் சுண்ணாம்புக்கு இன்னொரு வாழ்வு உண்டு. 'சூனா லகா தியா' என்று ஒருவர் புலம்பினால், எவனோ அவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டான், அதாவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்துவிட்டான் என்று அறிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் நாமம் சாத்துவது என்கிறோமே, அதுவேதான்.

இக்காலத்தில் சுண்ணாம்பு பூசுவோர் நேரில் வருவதில்லை. கைபேசித் திரையில் அழகான காலணி ஒன்று தோன்றுகிறது. பாதி விலை என்கிறார்கள். அட்டை எண்ணைத் தருகிறோம். ஓடிபியையும் தட்டி விடுகிறோம். பணம் அந்தக் கணமே போய்விடுகிறது. சரக்கு மட்டும் நாளை வரும், நாளை மறுநாள் வரும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கடையின் தொலைபேசியும் ஊமையாகி விடுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு 3,500 ரூபாய் பெரிதாக இராது. செம்பூரிலோ சுனாபட்டியிலோ நால்வராக ஓர் அறை எடுத்து, மெஸ்ஸில் கணக்கு வைத்துச் சாப்பிட்டுக் கலீனாவுக்குப் போய்ப் படிக்கும் மாணவருக்கு அது ஒரு மாதச் சோறு. ஆகையால், போன பணத்தைத் திருப்பிக் கொணரும் வழியாகிய 'சார்ஜ்பேக்' என்பதைப் பற்றி நம் சங்கத்து நண்பர்கள் அறிந்திருப்பது நல்லது. வழி இருக்கிறது. அது மூடப்பட்டிருப்பதாக நம்மவர்கள் எண்ணிக்கொள்வதற்கு ஒரு தவறான கருத்தே காரணம். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பணம் எவ்வாறு பயணம் செய்கிறது என்று பார்ப்போம். நாம் அட்டையால் பணம் செலுத்தும்போது, அது நம் கையிலிருந்து கடைக்காரர் கைக்கு நேரே போவதாகத் தோன்றுகிறது. உண்மையில் இடையே பலர் நிற்கிறார்கள். நமக்கு அட்டை தந்த வங்கி ஒருபுறம். கடைக்காரருக்குக் கணக்கு வைத்துள்ள வங்கி மறுபுறம். இரண்டையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை நிறுவனம் நடுவே. இணையக் கடையாயின், பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் தரகு நிறுவனம் ஒன்றும் உடன் நிற்கும். இவர்கள் எல்லோரும் ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த ஒப்பந்தத்தில், 'சொன்ன சரக்கைக் கடைக்காரர் கொடுக்காவிட்டால், அட்டைக்காரரின் வங்கி அந்தத் தொகையை எதிர்வங்கியிடமிருந்து திரும்பக் கேட்கலாம்' என்னும் விதி இருக்கிறது. கேட்டவுடன் எதிர்வங்கி கடைக்காரர் கணக்கில் கை வைக்கும். கடைக்காரர் தம் பக்கச் சான்றுகளைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். இரு வங்கிகளும் இணங்காவிட்டால் அட்டை நிறுவனமே நடுவராய் இருந்து தீர்ப்புச் சொல்லும். தோற்றவர் செலவையும் ஏற்க வேண்டும். இவ்வளவுதான் சார்ஜ்பேக். வங்கி நம்மிடம் இரங்கிச் செய்யும் உதவி அன்று; வங்கிகள் தமக்குள் எழுதிக்கொண்ட விதி.

பணம் இடையில் நிற்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடெங்கும் பேசப்பட்ட 251 ரூபாய் கைபேசியை நினைவுகூர்க. நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்னும் நிறுவனம் 'ஃப்ரீடம் 251' என்ற பெயரில் அதை விற்பதாக விளம்பரம் செய்தது. 251 ரூபாய்க்குக் கைபேசி வருமென்று நம்பியவர் எத்தனை பேர் தெரியுமா? கோடிக்கணக்கானோர் பதிவு செய்ததாக அந்நிறுவனமே சொல்லிற்று. சுமார் 30,000 பேர் பணமும் கட்டிவிட்டார்கள். ஐயம் எழுந்தது, அரசு விசாரித்தது, செய்தித்தாள்கள் துருவின. அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. பணத்தைத் திரட்டிய நிறுவனங்களுள் ஒன்றான, நம் மும்பையின் சிசி அவென்யூ, அந்தத் தொகையை விற்பனையாளரிடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தது. சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பணம் என்பது அதன் நிலை. முன்பணம் கட்டிய அந்த 30,000 பேருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக ரிங்கிங் பெல்ஸ் அறிவித்தது. கோட்டைச் சுவர்போல் பணம் நடுவில் தடுத்து நின்றிராவிட்டால் அந்த அறிவிப்பு அவ்வளவு எளிதில் வந்திருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நிறுவனத்தின் தலைவர் அடுத்த ஆண்டு வேறொரு புகாரில் கைதானார் என்பது உபகதை.

இனி, மேலே சொன்ன தவறான கருத்துக்கு வருவோம். பொருள் வரவில்லை என்று வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்: 'ஓடிபி கொடுத்தீர்களா?' 'கொடுத்தேன்' என்போம். 'அப்படியானால் நாங்கள் ஒன்றும் செய்ய இயலாது' என்று பேச்சை முடித்துவிடுவார். நம்மவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். இங்கேதான் குழப்பம். ஓடிபி கொடுத்தது, பணத்தைச் செலுத்தியவர் நாமே என்பதற்குச் சான்று. சரக்கு வந்து சேர்ந்ததற்கு அது சான்று ஆகுமா? ஒருக்காலும் ஆகாது. கல்யாணப் பந்தலுக்கு அச்சாரம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டார் என்பதால் பந்தல் போட்டாகிவிட்டது என்று யாராவது வாதிப்பார்களா?

இரண்டு வெவ்வேறு குறைகள் இங்கே ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ஒன்று, நாம் அறியாமலே வேறொருவன் நம் அட்டையைப் பயன்படுத்தியது. இதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் தனிச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிப்பது முதலிய நிபந்தனைகள் அதில் உண்டு. ஓடிபி பற்றிய கேள்வி அந்தக் குறைக்கு மிக முக்கியமானது. மற்றொன்று, நாமே மனமொப்பிப் பணம் செலுத்தினோம், ஆனால் விற்றவர் வாக்குத் தவறினார் என்பது. இதற்கு அட்டை நிறுவனங்களின் விதிப்புத்தகத்தில் வேறு பிரிவு இருக்கிறது. விசாவில் அதன் எண் 13.1, மாஸ்டர்கார்டில் 4853. பிரிவு மாறினால் வழக்கு மாறும். கோபத்தில் 'மோசடி, மோசடி' என்று எழுதிவிட்டால், வங்கி உடனே அட்டையை முடக்கி, ஓடிபி பதிவைத் தேடியெடுத்து, 'பரிவர்த்தனை தாங்கள் செய்ததே' என்று புகாரை மூடிவிடும். வங்கி சொன்னது பொய்யன்று. நாம் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

எனவே படிவத்தில் 'மெர்ச்சண்டைஸ் நாட் ரிசீவ்ட்' அல்லது 'சர்வீஸ் நாட் புரொவைடட்' என்ற பகுதியைத் தேடிக் குறியிடுங்கள். உடன் அனுப்பும் கடிதத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். இன்ன நாளில், இன்ன கடைக்கு, இவ்வளவு ரூபாய் செலுத்தினேன், செலுத்தியது நானே, இன்ன பொருள் இன்ன தேதிக்குள் வரவேண்டியது, இன்றுவரை வரவில்லை, கடைக்காரருக்கு இன்னின்ன நாட்களில் எழுதினேன், பதில் இன்னது அல்லது பதிலே இல்லை, தொகையைச் சார்ஜ்பேக் முறையில் மீட்டுத் தர வேண்டுகிறேன். இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலிலோ வங்கியின் செயலியிலோ எழுதிப் புகார் எண் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் பின்னர் எந்தப் படியும் ஏற முடியாது.

சான்றுகள் எவை? ஆர்டர் உறுதிச் செய்தி, வரும் தேதி குறித்த பக்கத்தின் படம், பணம் கழிந்ததைக் காட்டும் கணக்கு அறிக்கை, கடைக்காரரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து. பொய்க்கடைகள் ஒரு வாரத்தில் மறைந்துவிடும் இயல்புடையவை. ஆகையால் ஐயம் பிறந்த அன்றே படங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மறைந்த பிறகு எதைப் படமெடுப்பது?

கடைக்காரருக்கு முதலில் எழுதாமல் வங்கிக்கு ஓடுவது பயன் தராது, 'அவரிடம் கேட்டீர்களா?' என்பதே வங்கியின் முதற்கேள்வி. 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். நாட்களையும் எண்ணிக்கொண்டே இருங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இவ்வகைக் குறைக்குப் பொதுவாக 120 நாள் கெடு உண்டு. பொருளோ சேவையோ வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அதைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால், வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறுகிய கெடு விதிப்பதுண்டு. 'இன்னும் பத்து நாள் பொறுங்கள் சார்' என்று கடைக்காரர் தேன்மொழி பேசுவது சில வேளைகளில் இந்தக் கெடுவைக் கடத்துவதற்கே. பணத்துக்குப் பதிலாக அவர் கடையிலேயே செலவிடும் 'கூப்பன்' தருகிறேன் என்பார்; ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே முடிந்தது என்று கொள்க.

நம் பகுதியில் இன்னொரு சிக்கல் தனியாக உண்டு. தாராவிச் சந்துகளிலும் சுனாபட்டிச் சால்களிலும் வீடு கண்டுபிடிப்பது ஒரு வித்தை. கூரியர் இளைஞர் இரண்டு முறை சுற்றிப் பார்ப்பார். மூன்றாம் முறை 'வீடு பூட்டியிருந்தது' என்றோ, சில நேரம் 'கொடுத்தாயிற்று' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் மேலும் முழுக்குற்றம் சுமத்த மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு அவர் சுமக்கும் பெட்டிகள் அத்தனை. ஆயினும், சார்ஜ்பேக் வழக்கில் கடைக்காரர் காட்டும் முதல் ஆயுதம் அந்த 'டெலிவர்டு' என்ற சொல்தான். அதைக் கண்டு மருண்டுவிடாதீர்கள். யார் வாங்கினார், எந்த முகவரியில், எந்தக் கையெழுத்து, எந்தப் படம் என்று டெலிவரிச் சான்றைக் கேளுங்கள். தாராவியின் அஞ்சல் எண் 400017, மாட்டுங்காவுடையது 400019, செம்பூருடையது 400071. ஆர்டரில் ஒன்றும் கூரியர் சீட்டில் வேறொன்றும் இருந்தால் அதுவே உங்கள் பக்கத்து வலுவான சாட்சி. சில பொய்க்கடைகள் அதே ஊரில் வேறு யாருக்கோ வெற்றுப் பொட்டலம் ஒன்றை அனுப்பிவிட்டு, அந்தக் கூரியர் எண்ணை நமக்குக் காட்டும் தந்திரமும் செய்கின்றன. டெலிவரிக்கென்று தனியாக வரும் எண்ணைப் பெட்டியைக் கையில் வாங்குமுன் தொலைபேசியில் சொல்லிவிடுவதும் ஆகாது.

வங்கி புகாரை ஏற்றதும் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கலாம். நண்பர்களே, அந்தப் பணத்தில் விருந்து வைத்துவிட வேண்டாம். கடைக்காரர் எதிர்வாதத்தில் வென்றால் அது மறுபடி கழிக்கப்படும். கிரெடிட் அட்டையாயின் வழக்கிலுள்ள தொகை நீங்கலான மற்றப் பாக்கியைத் தவறாமல் கட்டுங்கள். வழக்கு இருக்கிறது என்று பில் முழுவதையும் நிறுத்தினால் வட்டியும் ஏறும், கடன் மதிப்பும் கெடும். பில்லில் உள்ள ஒரு தொகையை மறுத்து எழுதினால் 30 நாட்களுக்குள் விளக்கமும் தேவையான சான்றும் தர வேண்டும் என்று, 2022இல் கிரெடிட், டெபிட் அட்டைகளுக்கென வெளியிட்ட கட்டளையில் ரிசர்வ் வங்கி கூறியிருந்தது. டெபிட் அட்டைக்கும் சார்ஜ்பேக் உண்டு. அது கிரெடிட் அட்டைக்காரரின் தனிச்சொத்து என்று சிலர் சொல்வது சரியன்று. வேறுபாடு என்னவெனில், கிரெடிட் அட்டையில் வங்கியின் பணம் வழக்கில் நிற்கிறது. டெபிட் அட்டையில் நம் பணம் நிற்கிறது. எது விரைவாக நகரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்!

மேல்நாடுகளில் இந்த உரிமை சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. விந்தையாக, இரு நாடுகளும் அதே ஆண்டில், 1974இல், சட்டம் செய்தன. அமெரிக்கச் சட்டம், வந்து சேராத சரக்குக்கான தொகையைக் கிரெடிட் பில்லின் 'பிழை' என்றே வகைப்படுத்தி, 60 நாட்களுக்குள் எழுதி மறுக்க இடம் தருகிறது. பிரிட்டனின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவோ ஒருபடி மேலே போய், 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளில், விற்றவரோடு கடன் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு என்கிறது. நம் நாட்டில் அத்தகைய நேரான பிரிவு இல்லை. அட்டை நிறுவனங்களின் விதியையும் ரிசர்வ் வங்கியின் கட்டளைகளையும் நம்பியே நிற்கிறோம். நம் சட்டசபையினர் இதைக் கவனிக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது என்பது என் கருத்து.

சரக்கு என்றால் பெட்டியில் வருவது மட்டும் அன்று. 2019 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, அமிர்தசரசிலிருந்து மும்பைக்குப் பறந்ததோடு ஜெட் ஏர்வேஸ் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஜூன் மாதம் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது. 2024 நவம்பர் 7ஆம் நாள் அதைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தரை ஆண்டு! திவாலான நிறுவனத்தின் வாசலில் வங்கிகள், ஊழியர்கள், எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் வரிசையில் நிற்க, 6,000 ரூபாய் டிக்கெட்டுக்காரரின் இடம் எங்கே இருக்கும்? அட்டை வழி போகிறவர் அந்த வரிசையில் நிற்பதில்லை. அவருடைய வங்கி எதிர்வங்கியைக் கேட்கிறது. கடைக்காரர் நொடித்துப்போனால் நட்டம் எதிர்வங்கியின் தலையில் விழும். ஆகவேதான், முன்பணம் கட்டி நெடுநாள் காத்திருக்க வேண்டிய எதையும், பயணச்சீட்டானாலும் பயிற்சி வகுப்பானாலும், அட்டையில் கட்டுவது அறிவுடைமை என்கிறேன்.

ஆனால் இன்றைய மாணவருள் அட்டையை எடுப்பவர் யார்? எல்லாம் யுபிஐ. யுபிஐக்கும் ரூபேக்கும் விதி செய்யும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், தாராவிக்கு அடுத்து மித்தி நதிக்கு அக்கரையில் உள்ள பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருந்து இயங்குவது ஒரு சுவையான செய்தி. பதிவு பெற்ற வணிகருக்கு யுபிஐயில் செலுத்தினால், பொருள் வரவில்லை என்று செயலி வழியாகவும் வங்கி வழியாகவும் வழக்கெழுப்ப இடம் உண்டு. கடைக்காரர் தம் சொந்தப் பெயரிலுள்ள எண்ணுக்கு 'அனுப்புங்கள்' என்று கேட்டு நாமும் அனுப்பிவிட்டால், அது நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுத்ததற்குச் சமம். சார்ஜ்பேக் என்னும் கதவே அங்கு இல்லை. 'ஜிஎஸ்டி மிச்சம்' என்று இன்ஸ்டாகிராம் கடைகள் இப்படிக் கேட்பதன் உட்பொருளை உணர்க. அவ்வாறு ஏமாந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிப்பதே வழி. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்கினால்தான் உண்டு. பணம் கழிந்து, ஆர்டரே பதிவாகாமல் நடுவில் தொங்கினால் அது வேறு கதை. அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தபடி, ஐந்து நாட்களுக்குள் தொகை தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருகிறோம் என்று சொல்லியே இரண்டாம் முறை சுண்ணாம்பு பூசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கூகிளில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் பல அவர்களுடையவை. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால், போவது நம் பணம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையன்று. பொருளை வாங்கி அணிந்துகொண்டே 'வரவில்லை' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். தாராவித் தோல் பட்டறைகளில் பை தைத்து இணையத்தில் விற்கும் சிறு வணிகருள் நம் தமிழரும் உண்டு. பொய் வழக்கு ஒன்று வந்தால் அவருக்குப் பையும் போகிறது, பணமும் போகிறது, மேற்கொண்டு வங்கி அபராதமும் சேர்கிறது. வழக்குப் போட்டபின் சரக்கு வந்து சேர்ந்தாலோ, கடைக்காரரே பணத்தைத் திருப்பினாலோ உடனே வங்கிக்கு எழுதி வழக்கை விலக்கிக்கொள்ளுங்கள்.

வங்கி கை விரித்தால்? புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் ஆம்பட்ஸ்மன் பார்ப்பது வங்கி தன் கடமையைச் செய்ததா என்பதையே. 'சார்ஜ்பேக் எழுப்பினீர்களா, எந்தப் பிரிவில், எந்த நாளில், எதிர்த்தரப்புச் சான்று என்ன?' என்று வங்கியை எழுத்தில் கேட்டுப் பதிலை இணையுங்கள். ஓடிபி கொடுத்ததால் முடியாது என்று வங்கி எழுதித் தந்திருந்தால், அந்தக் கடிதமே உங்களுக்கு உதவும். விற்றவர் இன்னார் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பயனில்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்றவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். மாட்டுங்காவும் தாராவியும் மும்பை நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டம். குறை பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. மனுவை இணையத்திலேயே பதிந்துவிடலாம்.